வாபஸ் வாங்கிய விசா மனுவும் வெள்ளவத்தை அன்ரியின் மேல்மாடி ஒபிஸும்

கொழும்பு வெள்ளவத்தையில் அமெரிக்க விசா ஃபாரம் நிரப்பவும் பத்திரங்களை மொழிபெயர்க்கவும் உதவுகிற அன்ரி ஒருவரின் ஒபிஸைப் பற்றித்தான் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் ஒபிஸின் பெயர் வராது. எழுதட்டுமா என்று அன்ரியிடம் கேட்டபோது, "எழுது பிள்ளை, ஆனா பேரைப் போட்டிடாத, இப்ப வாற சனத்துக்கே கதிரை காணாது" என்றார். ஆகவே அடையாளம் மட்டும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்று, கீழே தையல்கடை, பக்கத்தால் ஒடுங்கிய படி, மேலே ஏறினால் இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு மேசைவிசிறி, சுவரில் நல்லூர் முருகன் கலண்டர். ஏசி கிடையாது. ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும், மற்றவர்கள் தையல்கடையில் கேட்டால் மேலே கையைக் காட்டுவார்கள்.

என் கேஸ் இதுதான். 2021 நவம்பரில் கொழும்பில் கலியாணம். இவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார், அமெரிக்கப் பிரஜை. 2022 பெப்ரவரியில் மனைவியை அங்கே அழைப்பதற்கான ஐ-130 மனுவை எனக்காகப் போட்டார், அப்போது கட்டணம் 535 டொலர். 2023 ஏப்ரலில் மனு அங்கீகாரமாகி, என்விசி எனப்படும் தேசிய விசா மையத்துக்குப் போனது. அங்கே சம்பளப் பத்திரம், பொலிஸ் அறிக்கை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஏற்ற வேண்டிய நேரத்தில்தான் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. நான் ஒரு பத்திரமும் ஏற்றவில்லை. இவர் கேட்க, பிறகு பார்ப்போம் என்றேன். மறுபடி கேட்க, பிறகு என்றேன். மூன்றாவது தரம் கேட்டபோது நான் சொன்னது இங்கே எழுதும் தரத்தில் இல்லை. அவர் சொன்னதும் அப்படித்தான். அன்றைக்கே இவர் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்து வைத்து, ஸ்கேன் செய்து என்விசிக்கு அனுப்பிவிட்டார், மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று. அதற்குப் பிறகு ஏழு மாதம் இரண்டு பேரும் பேசவில்லை.

2024 பெப்ரவரியில் அப்பா போய்விட்டார். யார் இவருக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அம்மா என்றுதான் சந்தேகம். அந்தியேட்டிக்கு முதல்நாள் காலையில் கதவைத் திறந்தால் பெட்டியோடு நிற்கிறார். அதற்கு மேல் அந்தக் கதை இங்கே வேண்டாம். சேர்ந்துவிட்டோம், சரி. இப்போது விசா?

முதலில் நாங்கள் போனது அன்ரியிடம் இல்லை. கொழும்பில் வேறோர் இடம், அதன் பெயரும் வராது, ஆனால் காரணம் வேறு, எங்கள் காசில் பாதி இன்னும் அங்கே கிடக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிரக் குளிர ஏசி, போன உடனே கிரீன் டீ, சுவர் நிறையச் சுதந்திர தேவி சிலை. டை கட்டிய தம்பி ஒருவர் எங்கள் கதையை முழுக்கக் கேட்காமலே, "பிரச்சினையே இல்லை அக்கா, பழைய கேஸை ரீஓப்பன் பண்ணலாம், அதுக்கு ஒரு லெட்டர் இருக்கு" என்றார். 85,000 ரூபாய் முற்பணம். இவர் திரும்பிப் போக நாலு நாள்தான் இருந்தது, கட்டிவிட்டோம். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது விசா இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கடிதம் எழுதப்படவே இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது, அந்தத் தம்பி அதைத்தான் 85,000க்கு விற்றார்.

ஒரு மாதம் போனது. லெட்டர் போனதா என்றால் போயிற்று, பதில் வந்ததா என்றால் வரும். பிறகு ஒருநாள் கதை மாறியது, ரீஓப்பன் சரிவராதாம், புதிதாக ஒரு ஐ-130 போட வேண்டுமாம், ஆனால் பழைய மனுவைப் பற்றி வாயே திறக்கக் கூடாதாம். இந்த ஆளுக்கு முன்பு மனு போட்டிருக்கிறீர்களா என்று ஃபாரத்தில் ஒரு கேள்வி வரும், அதில் 'இல்லை' என்று போட்டுவிடுவோம், வாபஸ் வாங்கியது வாங்கியதுதானே, இல்லாத மாதிரித்தானே என்றார். அதோடு இவருடைய ஒன்லைன் கணக்கின் பாஸ்வேர்டையும் கேட்டார். எனக்கு வயிறு கலங்கியது. நான் சட்டம் படித்தவள் இல்லை, ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பார்க்கிறவள், ஆனால் இருக்கிற ஃபைலை இல்லை என்று எழுதினால் என்ன நடக்கும் என்பது அந்த வேலையில் இருக்கிற எவருக்கும் தெரியும்.

எங்கள் வேலையிடத்து அக்கா ஒருவர்தான் அன்ரியிடம் அனுப்பினார். அன்ரிக்கு எழுபது கிட்ட இருக்கும். அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர், புதுக்கடை நீதிமன்றத்துக்கும் நிறைய வேலை செய்திருக்கிறார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் தரவில்லை, முதல் கேள்வியே, "வாபஸ் வாங்கின கடிதத்தில அவர் என்ன எழுதினவர்?"

இதை ஒருவரும் எங்களிடம் கேட்டிருக்கவில்லை. நல்ல காலம், கடிதத்தின் கொப்பி இவருடைய கொம்பியூட்டரில் இருந்தது. அங்கேயே வைத்து வாட்ஸ்அப்பில் எடுத்துக் காட்டினேன். இரண்டே வரி, தனிப்பட்ட காரணங்களால் இந்த மனுவைத் தொடர விரும்பவில்லை என்று. அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோவத்திலயும் அளவா எழுதியிருக்கிறார். இவள் என்னை விசாவுக்காகத்தான் கட்டினவள் எண்டு ஒரு வசனம் இதில இருந்திருந்தா, நான் இந்த ஃபைலைத் தொடமாட்டன், அமெரிக்காவில லோயரைப் பிடியுங்கோ எண்டு அனுப்பியிருப்பன்." விசா எடுப்பதற்காக நடந்த கலியாணம் என்று அங்கே ஒருதரம் முடிவாகிவிட்டால் பிறகு யார் என்ன மனு போட்டாலும் அங்கீகரிக்க முடியாது என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. கோபத்தில் எழுதும் ஒரு வரிக்கு அவ்வளவு விலை. கடிதத்தின் கொப்பி கையில் இல்லாதவர்கள், மனு போட்டவரின் பெயரில் தகவல் அறியும் சட்டத்தின்படி யூஎஸ்சிஐஎஸ் எனப்படும் அமெரிக்கக் குடிவரவுச் சேவையிடம் ஃபைலின் பிரதி கேட்கலாம், ஒன்லைனிலேயே செய்யலாம், விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை.

பிறகுதான் அன்ரி உட்காரச் சொன்னார். அந்தத் தம்பி சொன்ன ரீஓப்பன் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, ஒரு கடதாசியை எடுத்து இரண்டு பெட்டி கீறினார். ஒன்றில் 'நித்திரை', மற்றதில் 'வாபஸ்'. விசா எண் கிடைக்கும் என்று அறிவித்த பிறகும் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்காமல் கேஸைத் தூங்கவிட்டால் பதிவை ரத்துச் செய்வார்கள், ஆனால் நம் கைக்கு மீறிய காரணத்தால்தான் தவறியது என்று, அறிவித்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் காட்டினால் மறுபடி எழுப்பலாம். அது நித்திரைப் பெட்டி. ஆட்கள் ரீஓப்பன், ரீஇன்ஸ்டேட் என்று எங்கோ காதில் விழுந்ததைச் சொல்வது இதைத்தான். மனு போட்டவரே எழுத்தில் வாபஸ் வாங்கினால் அது வேறு. அங்கீகாரமான மனு அந்தக் கடிதத்தோடு தானாகவே ரத்தாகிவிடும், வாபஸை வாபஸ் வாங்க முடியாது, விதியிலேயே அப்படி எழுதியிருக்கிறது. மன்னிப்புக் கடிதம், எம்பசிக்கு மெயில், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினருக்கு மெயில், எதுவும் உயிர் கொடுக்காது. "உங்கட பழைய கேஸ் செத்துப் போச்சு பிள்ளை. அதுக்குச் சடங்கு செய்யக் காசு குடுக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ."

அந்தியேட்டி முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத வீட்டுப் பெண்ணிடம் இப்படியா பேசுவது என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் படியிறங்கி வந்து, கீழே நின்று ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் ஒரு விதமான நிம்மதி. ஒரு மாதமாக லெட்டர் வருமா வருமா என்று மெயிலைத் திறந்து திறந்து பார்த்தவளுக்கு, வராது என்று ஒருவர் சொன்னதே பெரிய சேவை. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் அதற்கு மட்டுமே மூன்று கொடுப்பேன்.

அடுத்த முறை போனபோது இவரையும் வாட்ஸ்அப் வீடியோவில் வைத்துக்கொண்டு அன்ரி விளக்கியதை, எங்களைப் போல் நிற்கிறவர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். புதிய மனுவுக்குத் தடை இல்லை. வாபஸ் வாங்கினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் புதியதை மறுக்கமாட்டார்கள், ஆனால் அப்போது என்ன நடந்தது என்பதைக் கேட்கலாம், அது புதிய மனுவுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். பழைய முன்னுரிமைத் திகதி, அதாவது வரிசையில் இடம் பிடித்த நாள், கூட வராது. இவர் பிரஜை என்பதால் அதில் எங்களுக்கு நட்டமில்லை, பிரஜையின் மனைவிக்கு வருடாந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. கிரீன்கார்ட் மட்டும் வைத்திருக்கிற கணவன் என்றால் அது வேறு வரிசை, அங்கே திகதி போனால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டியதுதான், ஆகவே அப்படியான ஆட்கள் வாபஸ் கடிதம் எழுத முதல் பத்துத் தரம் யோசியுங்கள். கட்டணமும் முழுதாக மறுபடி கட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் ஏற்றிவிட்டார்கள், ஒன்லைனில் போட்டால் 625 டொலர், கடதாசியில் போட்டால் 675. டொலர் 300 ரூபாய் அளவில் நின்ற நேரம், கணக்குப் பார்த்தால் 1,87,500 ரூபாய். ஒரு இரவுக் கோபத்தின் விலை என்று இவருக்கு அதை நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவதுண்டு.

ஒரே ஒரு லாபமும் இருந்தது. அமெரிக்காவுக்குள் போகிற அன்று கலியாணமாகி இரண்டு வருடம் நிறையாவிட்டால் சிஆர்-1 விசா, இரண்டு வருடத்து நிபந்தனைக் கார்ட், பிறகு அது முடிய முதல் தொண்ணூறு நாளுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும். எங்களுக்கு இரண்டு வருடம் எப்போதோ தாண்டிவிட்டதால் ஐஆர்-1 விசா, நேரே பத்து வருடக் கார்ட்.

சரி, 'முன்பு மனு போட்டிருக்கிறீர்களா' என்ற கேள்வி. அன்ரி சொன்னது ஒரே வசனம்: "ஓம் எண்டு போட்டு, எப்ப, எங்க, முடிவு என்ன எண்டு மூண்டையும் எழுதவேணும்." ஃபாரத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது, முடிவு என்ற இடத்தில் 'வாபஸ் பெறப்பட்டது' என்று எழுதலாம், அவ்வளவுதான். அவர்களிடம் ஏற்கனவே இருக்கிற ஃபைலை இல்லை என்று எழுதி, அது பொய் என்று பிடிபட்டு, அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு என்றாகிவிட்டால் வாழ்நாள் தடை வரைக்கும் போகலாம், அதை நீக்கத் தனியாக ஒரு மன்னிப்பு மனு, அதற்கு வேறு கட்டணம், வேறு காத்திருப்பு. எங்களுடைய உண்மையில் ஒளிக்க ஒன்றுமே இல்லாதபோது அந்தத் தம்பி எங்களுக்கு வாங்கித் தரப் பார்த்தது இதைத்தான்.

இன்னொரு விஷயம், இதைக் கட்டாயம் பாருங்கள். ஐ-130இல் மனுதாரரைத் தவிர வேறொருவர் நிரப்பிக் கொடுத்தால் அவர் தன் பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்து வைக்க ஒரு பகுதி இருக்கிறது. கண்ணாடிக் கதவுத் தம்பியிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, "அது தேவையில்லை அக்கா, நீங்களே போட்ட மாதிரிப் போடுவம்" என்றார். அன்ரி தன் பெயரையும் அந்த ஒழுங்கை விலாசத்தையும் முழுக்க எழுதச் சொன்னார். உங்கள் ஃபாரத்தை நிரப்புகிறவர் அந்த இடத்தில் பெயர் எழுதத் தயங்கினால் கதிரையை விட்டு எழும்பலாம். பாஸ்வேர்டும் அன்ரி கேட்கவில்லை. இவர்தான் அங்கே இருந்து தட்டினார், அன்ரி இங்கே இருந்து வாசித்தார், அந்த இரண்டு மணித்தியாலத்தில் நாலு ரயில் போனது.

ஆனால் அன்ரியை நான் மறக்கமாட்டாதது ஃபாரத்துக்காக இல்லை, சாட்சிக்காக.

கலியாணம் உண்மையானது என்று காட்ட எல்லோரும் கொண்டுபோவதைத்தான் நாங்களும் கொண்டுபோனோம். கலியாணப் படம், காசு அனுப்பிய ரசீது, விமான டிக்கட், கடவுச்சீட்டில் சீல் அடித்த பக்கம். என் ஊழியர் சேமலாப நிதியத்தில் இவரைத்தான் வாரிசாகப் போட்டிருந்தேன், சண்டைக்குப் பிறகும் மாற்றவில்லை, மறந்துபோனேன் என்பதுதான் நிஜம். அன்ரி எல்லாவற்றையும் திகதிப்படி மேசையில் பரப்பினார். 2023 ஓகஸ்ட்டிலிருந்து 2024 மார்ச் வரை ஒன்றுமே இல்லை, மேசையில் ஒரு சாண் அகல வெற்றிடம். நான் அதை மறைக்கிற மாதிரி என் கைப்பையை அங்கே வைத்தேன். அன்ரி பையை எடுத்துக் கீழே வைத்தார். "இந்த இடத்தை ஒளிக்காத. அவங்கள் பாக்கிறதே இந்த இடத்தைத்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த ஏழு மாதத்தில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நடந்த ஏதாவது இருக்கா, எது என்றாலும் பரவாயில்லை என்றார். நான் இல்லை என்றேன். அப்பா செத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.

"மரண அறிவித்தல் போட்டீங்களா?"

வீரகேசரியில் போட்டிருந்தோம். வெட்டி வைத்த துண்டு அம்மாவின் அலுமாரியில் அப்பாவின் அடையாள அட்டையோடு இருந்தது. அடுத்த நாள் கொண்டுபோனேன். அன்ரி விரலை வைத்து வரி வரியாகப் போனார், அன்னாரின் பெற்றோர், அன்புக் கணவர், பாசமிகு தந்தை, பிறகு அன்பு மாமனாரும் என்ற வரியில் விரல் நின்றது. இவர் பெயர், அடைப்புக்குள் அமெரிக்கா.

நான் அதை அதுவரை வாசித்ததே இல்லை. அறிவித்தல் எழுதியது மாமா, பெயர்கள் சொன்னது அம்மா, அந்த இரண்டு நாளும் நான் எதையும் வாசிக்கும் நிலையில் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டேன், நாங்கள் பேசாமல் இருந்த நேரம் ஏன் போட்டீர்கள் என்று. "மருமகன்தானே, வேற என்னெண்டு போடுறது?" என்றுவிட்டுப் பருப்புக் கழுவப் போய்விட்டார்.

அன்ரி அந்த முழு அறிவித்தலையும் மொழிபெயர்த்தார். அன்னார், இறைபதம் அடைந்தார், பூதவுடல் ஒன்றையும் விடவில்லை. அந்தியேட்டிக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடைக்காமல் அரைமணித்தியாலம் முட்டுப்பட்டு, கடைசியில் முப்பத்தோராம் நாள் கிரியை என்று எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் வைத்தார். அந்தியேட்டி அன்று இவர் வெறும் மேலோடு என் தம்பிக்குப் பக்கத்தில் தர்ப்பை போட்ட கையோடு இருக்கிற படமும் அதோடு போனது. மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று: கண்ணாடிக் கதவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நொத்தாரிசின் முத்திரை வேண்டும் என்று தனிக் காசு கேட்டார்கள். யூஎஸ்சிஐஎஸ்ஸுக்கு அது தேவையில்லை. எனக்கு இரண்டு மொழியும் தெரியும், முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்திருக்கிறேன் என்று மொழிபெயர்த்தவர் உறுதி எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும்.

வெற்றிடத்துக்கு இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார் அன்ரி. அவர் எழுதித் தரமாட்டார், அது அவருடைய பிடிவாதம். முதலில் தமிழில் எழுதுங்கோ, ஒருத்தருக்கு ஒருத்தர் காட்டாதீங்கோ, ஏன் பிரிஞ்சது, ஏன் வாபஸ், ஏன் திரும்பச் சேர்ந்தது. எனக்கு மூன்று நாள் எடுத்தது. இவருடையது வந்தபோது அன்ரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சண்டை நடந்த நாள் பிழைக்கிறது என்றார். நான் ஜூலை 31 என்று எழுதியிருந்தேன், இவர் ஜூலை 30. உடனே எனக்கு மறுபடி கோபம், அந்த நாள்கூட இவருக்கு ஞாபகமில்லையே என்று. அன்ரி ஃபோன் பதிவை எடுக்கச் சொன்னார். எனக்குக் காலை 6 மணி 10 நிமிடம், 31ஆம் திகதி. அப்போது நியூ ஜெர்சியில் 30ஆம் திகதி இரவு 8:40. இரண்டு பேரும் சரி. திகதிகளை அப்படியே விட்டு, இரண்டு கடிதத்திலும் கொழும்பு நேரம், நியூ ஜெர்சி நேரம் என்று ஒரு சொல் மட்டும் சேர்க்க வைத்தார். பிறகு ஆங்கிலத்தில் என்னுடையதைச் சத்தியக்கடதாசியாக அடித்து, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கினோம்.

இதற்கு இடையில் எங்கள் சித்தப்பா ஒருவர், விவாகரத்து எடுத்துவிட்டு மறுபடி பதிவு செய்தால் எல்லாம் புதுசாகிவிடுமே என்று யோசனை சொன்னார், அவருக்கு எல்லாவற்றுக்கும் யோசனை இருக்கும். அன்ரி அதற்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வை போதும். இங்கே பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு ஒரு பக்கம் குற்றம் காட்ட வேண்டும், மாவட்ட நீதிமன்றம், இடைக்காலத் தீர்ப்பு வந்து குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் முடிவுத் தீர்ப்பு. சேர்ந்து இருக்கிற இரண்டு பேர் நீதிமன்றத்தில் போய்ப் பொய்க் குற்றம் சொல்லி, அந்தக் கடதாசியையும் கொண்டுபோய் அமெரிக்காக்காரனிடம் நீட்டுவதாம்.

குறைகளும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அன்ரியின் சொந்தக்காரி எழுதியது என்பார்கள். மெதுவோ மெது. வாட்ஸ்அப்புக்குப் பதில் வராது, நீல டிக்கும் வராது, நேரே போய் நிற்க வேண்டும். கார்ட் எடுக்கமாட்டார், காசுதான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கோயிலுக்குப் போய்விடுவார். ஏசுவார். ஒருதரம் மரணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் திகதியை நம் ஊர் மாதிரி நாள், மாதம் என்று இலக்கத்தில் போட்டுவிட்டார், அங்கே மாதம் முதலில், ஆகவே அப்பா இன்னொரு மாதத்தில் இறந்த மாதிரி வந்துவிட்டது. நல்ல காலம் நான் பார்த்தேன். சொன்னதும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் எல்லாப் பக்கத்தையும் மறுபடி அடித்து மாதத்தை எழுத்தில் போட்டுத் தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

முக்கியமான எல்லை ஒன்று, அவர் லோயர் இல்லை, அதை அவரே முதல் நாளிலேயே சொல்லிவிடுவார். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் உள்ள சட்டத்தரணியோ, அவர்களின் நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதியோதான் வேண்டும். வாபஸ் கடிதத்தில் குற்றச்சாட்டு இருந்தால், முன்பு விசா மறுப்போ அங்கே அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிய ஓவர்ஸ்டேயோ இருந்தால், அன்ரி உங்களை மேலே உட்காரவே விடமாட்டார். மறுபக்கம், இழுபறி ஒன்றும் இல்லாமல் முதல் தடவை போடுகிற மனு என்றால் அன்ரியிடமும் போகத் தேவையில்லை என்றே சொல்வேன், ஃபாரம் இலவசம், விளக்கக் குறிப்பும் அதோடு இருக்கிறது, அமைதியாக இருந்து வாசித்தால் நீங்களே நிரப்பலாம்.

காசு: மொத்தம் 35,000 ரூபாய், மொழிபெயர்ப்புகள் உட்பட. பாதி முதலில், பாதி மனு ஏற்றுக்கொண்ட ரசீது வந்த பிறகு. 2024 ஓகஸ்ட்டில் போட்டோம், ரசீது வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். 2025 ஒக்டோபரில் அங்கீகாரம் வந்தது, மேலதிகச் சாட்சி ஒன்றும் கேட்கவில்லை. என்விசியில் 325, 120 என்று 445 டொலர் கட்டி, டிஎஸ்-260 விசா விண்ணப்பத்தை நிரப்பி, பழைய பொலிஸ் அறிக்கை காலாவதியாகிவிட்டதால் புதியதும் எடுத்து ஏற்றியாகிவிட்டது. இப்போது கொள்ளுப்பிட்டி எம்பசியில் நேர்முகத் திகதிக்காகக் காத்திருக்கிறோம்.

என்னைப் பராமரிக்கும் செலவுக்குத் தான் பொறுப்பு என்று இவர் உறுதி கொடுக்கும் ஐ-864 ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முதல் அன்ரி வீடியோவில் இவரைக் கூப்பிட்டார், அது அவருடைய வேலையில் சேராது, கூப்பிட்டார். "தம்பி, இதை வாசிச்சிட்டுத்தான் வையுங்கோ. இந்தக் கையெழுத்து விவாகரத்து எடுத்தாலும் போகாது. இவள் அங்க பிரஜையாகிறது, இல்லாட்டி நாப்பது காலாண்டு வேலைக் கணக்கு வாறது, அதுவரைக்கும் உங்கட தலையிலதான். மனுவை வாபஸ் வாங்கின மாதிரி, இவள் அங்க வந்து இறங்கின பிறகு இதை வாங்க ஏலாது." இவர் "ஓம் அன்ரி" என்றார். அந்த ஒரு தடவைதான் இவர் யாருக்கோ மறுபேச்சில்லாமல் ஓம் சொல்லிக் கண்டேன்.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதரைக்கு முதல் போங்கள், ஒறிஜினல் எல்லாம் கொண்டுபோங்கள், போட்டோகொப்பி எடுக்கக் கீழே ஒழுங்கை முனையில் கடை இருக்கிறது, அன்ரியின் பிரிண்டரை நம்ப வேண்டாம். படியில் இரண்டாவது வளைவில் தலையைக் குனியுங்கள், மீட்டர் பெட்டி இருக்கிறது, எனக்கு இரண்டு தரம் அடிபட்டது.